தொகுப்பார் கையில் நிறைகோல் எங்கே?

பாட்டு எழுதுவது ஒருவரின் உரிமை. பாட்டுத் தொகுப்பதோ பொதுமன்றத்தின் பொறுப்பு. தம் பாட்டைத் தாம் பாடும் பாவலர் தம் நெஞ்சுக்கு விடை சொன்னால் போதும். பிறர் பாட்டைத் தேர்ந்து, அடுக்கி, அச்சிட்டு, இதுவே இக்காலத் தமிழ்ப் பாட்டு என்று நாட்டின்முன் வைப்பவர் மொழிக்கு விடை சொல்ல வேண்டும். முன்னோர்க்கு விடை சொல்ல வேண்டும். இனிப் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கும் விடை சொல்ல வேண்டும். இவ்வேறுபாட்டை உணராமையால் இன்று தமிழ்ப் பாவுலகில் நேர்ந்துவரும் கேடு சிறிதன்று.

ஓமலூர், தாரமங்கலம், மேட்டூர், நாமக்கல் என எப்பக்கம் திரும்பினும் இளம் பாவலர் தோன்றிய வண்ணம் உள்ளனர். இது மகிழத்தக்கதே. தறிக்குழியில் கால்வைத்துக் காலங்கழித்த பெற்றோரின் பிள்ளைகள், குச்சிக்கிழங்குக் காட்டில் கூலிக்குக் களைவெட்டியோரின் பிள்ளைகள், வெள்ளைக்கல் வெட்டிய கையினரின் பேரப்பிள்ளைகள் இன்று எழுதுகோல் பிடித்துள்ளனர். சேலத்துக்கும் ஓமலூருக்கும் இடையே கருப்பூரில் 1997ஆம் ஆண்டு பெரியார் பல்கலைக்கழகம் எழுந்த பின்னர், கல்லூரி வாயிலை முதன்முதல் மிதித்த தலைமுறை இப்பகுதியில் பல்கிப் பெருகியது. அவர்தம் பாட்டில் பசியின் சூடு இருக்கிறது. இழிவுக்கு எதிரான சினம் இருக்கிறது. பெண்ணின் அடக்கப்பெற்ற குரல் இருக்கிறது. அவ்வளவும் தமிழுக்கு வரவே.

ஆனால் ஒரு நூல் வெளிவந்த மறுநாளே இளம் பாவலர் தொகுப்பாசிரியராகி விடுகின்றார். நூறு பேரிடம் பாட்டுக் கேட்கின்றார். வந்ததை வந்தபடியே அடுக்குகின்றார். அடுக்கும் முறையோ வந்துசேர்ந்த வரிசை. இல்லையேல் பெயரின் அகர வரிசை. பொருள் பற்றிய வகையும் இல்லை. வடிவு பற்றிய வகையும் இல்லை. முன்னுரையோ, 'புதிய குரல்கள்' என்றும் 'கட்டுடைப்பு' என்றும் நான்கு சொற்களைத் திருப்பித் திருப்பி உருட்டுவதாக இருக்கிறது. இன்னும் இழிவாக, இத்தகைய தொகுப்புகள் பலவற்றில் பாவலரிடமே பங்குத்தொகை வாங்கப்பெறுகிறது. பணம் கட்டியவர் பாட்டு உள்ளே. கட்ட இயலாதவர் பாட்டு வெளியே. உள்ளே வந்தவர்க்கு இரண்டு படியும், ஒரு சான்றிதழும், ஒரு பட்டமும், ஒரு பொன்னாடையும். பாவலர் பணம் கொடுத்துப் பாவலராகும் இந்நிலையைத் தமிழ்நாடு எக்காலத்தும் கண்டதில்லை.

எக்காலத்தும் கண்டதில்லை என்பது வெறும் மிகைச்சொல் அன்று; வரலாறு சான்றாக நிற்கிறது. தமிழில் தொகுப்புக்கலை நேற்றுப் பிறந்ததன்று. எட்டுத்தொகை என்னும் பெயரிலேயே தொகுப்பு நிற்கிறது. குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தவன் சேரன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர். தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. நற்றிணையைத் தொகுப்பித்தவன் பன்னாடு தந்த மாறன் வழுதி. தொகுத்தவர் என்றும் தொகுப்பித்தவர் என்றும் முன்னோர் இரண்டாகப் பிரித்துப் பெயர் பொறித்தமை எதற்காக? அறிவு கொடுத்தவர் ஒருவர், பொருள் கொடுத்தவர் ஒருவர் என்பதற்காக. பொருள் கொடுத்தவன் மன்னன். பாடிய புலவர் ஒருகாலும் பொருள் கொடுத்தவர் அல்லர், பெற்றவர். புலவனைப் புரந்த நாட்டில் இன்று புலவனிடமே கைநீட்டிப் பொருள் பெற்று ஏடு போடுகின்றனர். அதற்குப் பெயர் தொகுப்பு அன்று, வணிகம். அதுவும் நேரிய வணிகம் அன்று.

அம்முன்னோர் தொகுத்த முறையையேனும் இன்றையோர் எண்ணிப் பார்த்ததுண்டா? நான்கடி முதல் எட்டடி வரை வந்த அகப்பாட்டுகள் குறுந்தொகை. ஒன்பதடி முதல் பன்னிரண்டடி வரை வந்தவை நற்றிணை. பதின்மூன்றடி முதல் முப்பத்தோரடி வரை நீண்டவை அகநானூறு. அகநானூற்றின் 400 பாட்டுகளையும் அடுக்கிய திறத்தைக் காண்க. ஒற்றைப்படை எண் பெற்றவை யாவும் பாலை. 2, 8 என முடியும் எண் பெற்றவை குறிஞ்சி. 4 என முடிபவை முல்லை. 6 என முடிபவை மருதம். 10, 20, 30 எனப் பத்தில் முடிபவை நெய்தல். பாட்டின் எண்ணைச் சொன்ன அளவிலேயே அதன் திணை இன்னது என்று சொல்லிவிடலாம். அச்சுப்பொறி இல்லாத காலத்தில், பனையோலையும் எழுத்தாணியும் மட்டுமே கொண்டு, ஒருவர் இவ்வளவு நுட்பமாகத் தொகுத்தார். இன்று பொறிகளெல்லாம் விரல்நுனியில் இருக்க, வந்த வரிசையில் அடுக்கி விடுகின்றனர்.

பெயர் மறைந்த புலவரை அத்தொகுப்பாளர் எவ்வாறு நடத்தினர் என்பது இன்னும் எண்ணத்தக்கது. பாட்டு கிடைத்தது, பாடியவர் பெயர் கிடைக்கவில்லை. அப்பாட்டைத் தூக்கி எறிந்தாரில்லை. பாட்டில் ஒளிவிட்ட ஒரு தொடரையே எடுத்துப் புலவர்க்குப் பெயராகச் சூட்டினர். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவர், மீனெறி தூண்டிலார் என்றெல்லாம் இன்று வழங்கும் பெயர்கள் அவ்வாறு வந்தவையே. பெயரற்றவனுக்கு அவன் சொல்லே பெயர். பட்டம் சூட்டுதல் என்றால் இதுவன்றோ பட்டம்? கூலவாணிகர், அறுவைவாணிகர், பொற்கொல்லர், குயத்தியார், குறமகள் என்று எல்லாத் தொழிலாரும் எல்லாக் குடியாரும் அத்தொகைகளில் ஒருசேர நிற்கின்றனர். தேர்வு ஒன்றே வாயில். குடியோ கைப்பொருளோ வாயிலன்று.

இதிலொரு நுண்மை உண்டு. அகநானூறு தொகுத்த உருத்திரசன்மர் பெயர் வடமொழிப் பெயர். ஆயினும் அவர் தொகுத்து வைத்தது தமிழ். திணையும் துறையும் தமிழ். அடியும் தொடையும் தமிழ். அவர் தம் பெயரின் மொழியை நூலுக்குள் நுழைய விட்டாரில்லை. இன்றோ தொகுப்பாசிரியர் பெயர் செந்தமிழ்ப் பெயர். அவர் தொகுத்த நூலைத் திறந்தால் ஏழு சொல்லுக்கு இரண்டு சொல் அயற்சொல். நூலின் தலைப்பே ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதியதாக இருக்கும். பெயரளவில் தமிழராய் இருப்பதினும் பணியளவில் தமிழராய் இருப்பது மேல் என்பதற்கு உருத்திரசன்மர் ஒருவரே போதும்.

ஓமலூர் மண்ணில் நின்று எழுதுவோர்க்கு இச்செய்தி ஏட்டுச்செய்தி மட்டும் அன்று. வடக்கே சென்றால் தருமபுரி. அதுவே அதியமான் நெடுமான் அஞ்சியின் தகடூர். தென்கிழக்கே நிற்பது கொல்லிமலை. அதுவே வல்வில் ஓரி ஆண்ட மலை. அதியமானையும் அவனைப் பாடிய ஔவையாரையும், ஓரியின் கொடையையும் இன்று யாரால் அறிய முடிகிறது? தொகுத்தவரால்தான். அத்தொகைகள் ஒருசில ஓலைச்சுவடிகளில் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்தன. சி.வை. தாமோதரனார் 1887இல் கலித்தொகையையும், உ.வே. சாமிநாதர் 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றிய பின்னரே தமிழன் தன் முகத்தைத் தான் கண்டான். பாவலர் மறைவர்; அரசர் மறைவர்; ஊரும் பெயர் மாறும். தொகை நிற்கும். ஆகவேதான் தொகுப்பவர் பிழை தலைமுறைப் பிழையாகின்றது.

இனி அண்மைக் காலத்துக்கு வருவோரும் பாடம் கற்க இடமுண்டு. 1959ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் இரண்டு இதழ்கள் தோன்றின. ஒன்று, சென்னையில் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து'. மற்றொன்று, பாவலரேறு பெருஞ்சித்திரனார் தொடங்கிய 'தென்மொழி'. ஒன்று புதுப்பாட்டுக்கு நிலைக்களம். மற்றொன்று தனித்தமிழ்ப் பாட்டுக்கு நிலைக்களம். பெருஞ்சித்திரனார் சேலம் மாவட்டத்துச் சமுத்திரம் என்னும் ஊரிற் பிறந்தவர். சேலம் நகராண்மைக் கல்லூரியில் 1944 முதல் 1956 வரை பேராசிரியராய் இருந்த மொழிஞாயிறு பாவாணரிடம் தமிழ் கற்றவர். எனவே சேலத்துக்குப் பாட்டு வரலாறு இல்லை என்றோ, இருப்பதெல்லாம் நேற்றைய வரலாறு என்றோ எவரும் சொல்ல இயலாது.

செல்லப்பா 1962இல் 'புதுக்குரல்கள்' என்னும் தொகுப்பை வெளியிட்டார். 24 பேரின் 63 பாட்டுகள், அவ்வளவே. தம் இதழில் வந்த அனைத்தையும் அள்ளிக் கொட்டினாரில்லை. ஏன் இவை, ஏன் இவ்வடிவம் என்று முன்னுரையில் வழக்காடினார். அவர் வழக்கைத் தனித்தமிழ் அன்பர் ஏற்க வேண்டுவதில்லை. அத்தொகுப்பில் வடசொற்கள் மிடைந்து கிடந்தமையும், மேனாட்டு மாதிரி முன்னிறுத்தப்பெற்றமையும் மறைக்கத் தக்கன அல்ல. ஆயினும் அவர் கையில் நிறைகோல் ஒன்று இருந்தது. நிறுத்தது பிழையாகலாம்; நிறுக்காமல் கொட்டியது அன்று.

அத்தொகுப்பில் இடம்பெற்றோருள் ஒருவர் சி. மணி. 1936இல் பிறந்து 2009இல் மறைந்தவர், சேலத்தில் வாழ்ந்தவர், ஆங்கிலம் கற்பித்தவர். 1968இல் சேலத்திலிருந்து 'நடை' என்னும் காலாண்டிதழ் வெளிவர முன்னின்றவர். அவ்விதழ் எட்டு இதழ்களோடு நின்றது. எனினும் அதன் பெயர் இன்றும் நிற்கிறது. 'வரும் போகும்', 'ஒளிச்சேர்க்கை' என்பன அவர் பாட்டு நூல்கள். யாப்பைக் கைவிட்டார் என்று பழிக்கப்பெற்ற அவர்தாம் யாப்பைப் பற்றித் தனிநூலே எழுதினார். 'யாப்பும் கவிதையும்' என்பது அதன் பெயர். தலைப்பில் பாட்டைக் 'கவிதை' என்றது தமிழன்பர்க்கு உறுத்தும். ஆனால் எதை விட்டார் என்பதை அறிந்தே விட்டார். அசையும் சீரும் தளையும் அறிந்த பின்னர் அவற்றினின்று விலகினார்.

இன்று அவர் வழிவந்தோர் என்று சொல்லிக்கொள்ளும் இளைஞரிடம் ஒரு வினா. வெண்பாவின் ஈற்றடி எத்தனைச் சீர்? நேரசைக்கும் நிரையசைக்கும் வேறுபாடு யாது? விடை வாராது. வாராதது குற்றம் அன்று, கற்கலாம். கற்க மறுத்து, 'யாப்பு அடிமைத்தனம்' என்று மேடையில் முழங்குவது குற்றம். விலங்கைக் காணாதவன் விலங்கொடித்தேன் என்பது வீரம் ஆகாது.

சேலத்துக்கு இன்னுமொரு சான்று தமிழ்நாடன். கோவையில் 1971இல் எழுந்த 'வானம்பாடி' இயக்கத்தின் பாவலருள் ஒருவர் அவர். அவ்வியக்கம் 1973இல் 'வெளிச்சங்கள்' என்னும் தொகுப்பைத் தந்தது. உழைப்பவன் வாழ்வைப் பாட்டின் நடுக்கூடத்தில் கொண்டுவந்து அமர்த்த வேண்டும் என்ற முனைப்பு அதில் இருந்தது. வாய்ச்சொல் மிகுந்தது என்று அவ்வியக்கத்தைத் திறனாய்ந்தோர் உண்டு. ஆயினும் ஒரு கொள்கை இருந்தது. அக்கொள்கை தொகுப்புக்கு முதுகெலும்பாய் நின்றது. இன்றைய தொகுப்பின் கொள்கை யாது? எல்லாரும் எழுதலாம், எல்லாரும் வரலாம் என்பது கொள்கை ஆகாது. அது வாயில் இல்லாத வீடு. வாயில் இல்லாத வீட்டில் உள்ளிருப்பவனும் புறத்திருப்பவனும் ஒன்றே.

இவ்வாறு சொன்னவுடன் மூன்று மறுப்புகள் எழும். அவற்றை ஒவ்வொன்றாகக் காண வேண்டும்.

முதல் மறுப்பு இது: மக்கள் பேசும் மொழியில் பாடுகின்றோம், மக்கள் கலந்து பேசுகின்றனர், ஆகவே கலந்து பாடுகின்றோம். இக்கூற்றின் முதற்பகுதி நன்று, இரண்டாம் பகுதி பாதி உண்மை, முடிபு பொய். எந்த மக்கள்? ஓமலூர்ச் சந்தையில் பேசப்பெறும் மொழியைக் காது கொடுத்துக் கேட்டவர் யார்? இருபுறமும் வேலியிட்ட வழியை 'இட்டேரி' என்கின்றான் உழவன். மழைக்குத் தலையில் போர்த்துவதைக் 'கொங்காடை' என்கின்றான். ஆடு மாடு அடைப்பது 'பட்டி', விளைச்சல் 'வெள்ளாமை'. மாடு பூட்டிக் கிணற்றுநீர் இறைத்தது 'கவலை'. தறிக்காரன் வாயில் பாவு, ஊடை, விழுது, தறிக்குழி என்பன அன்றாடம் புழங்குகின்றன. நீர்க்காரனுக்கு மடை, மதகு, கலிங்கு, வாய்க்கால் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல். இவையல்லவோ மக்கள் மொழி? இவற்றுள் எத்தனைச் சொற்கள் ஓமலூர்ப் பாவலரின் தொகுப்பில் உள்ளன? இச்சொற்களை வழங்குபவர் பெற்றோர். வழங்க நாணுபவர் பிள்ளைகள். பள்ளியிலும் பணியிடத்திலும் பழகிய கலப்பு நடையைத் தம் எழுத்தில் வைத்துவிட்டு, அதை மக்கள் மேல் ஏற்றுகின்றனர்.

நாமக்கல் மாவட்டத்துப் பெருமாள்முருகன் 2000ஆம் ஆண்டு 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி' ஒன்றைத் தொகுத்து வெளியிட்டார். அவர் தனித்தமிழ் இயக்கத்தார் அல்லர்; அவருடைய எழுத்து முழுவதையும் இவ்வியக்கத்தார் ஒப்புவதும் இல்லை. ஆயினும் உழவர் வாய்ச்சொல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அகர வரிசையில் வைத்த உழைப்பு போற்றத்தக்கது. பாட்டும் கதையும் எழுதும் ஒருவர் தம் மண்ணின் சொல்லைத் தொகுப்பதும் தம் கடன் என்று கருதினார். அக்கடனை ஓமலூர் வட்டத்து இளம் பாவலர் ஒருவரேனும் தொடர்ந்தால் அவர் தொகுப்புக்குத் தானே பெருமை வரும்.

மக்கள் தூய சொல்லை ஏற்கமாட்டார் என்பதும் வரலாறு அறியாதார் சொல். ஒருகாலத்தில் தேர்தலில் நின்றவர் 'அபேட்சகர்', இன்று வேட்பாளர். கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் 'அக்கிராசனர்', இன்று தலைவர். 'சட்டசபை' சட்டமன்றமாயிற்று, 'மந்திரி' அமைச்சரானார், 'அங்கத்தினர்' உறுப்பினரானார். வணக்கம் என்ற சொல் இன்று எல்லார் நாவிலும் இருக்கிறது. பேருந்து நிலையம் என்று ஓமலூரில் எழுதப்பெற்றிருப்பதைக் கண்டு யாரும் மருண்டு ஓடவில்லை. மறைமலையடிகள் 1916இல் தனித்தமிழ் என்று குரல் கொடுத்தபோது நகைத்தோர் பலர். அன்று நகைத்தவரின் பேரப்பிள்ளைகள் இன்று அச்சொற்களாலேயே பேசுகின்றனர். சொல்லை மக்கள் முன் முதலில் வைத்தவர் யார்? மேடையிற் பேசியவரும், இதழில் எழுதியவரும், பாட்டுப் பாடியவருமே. பாவலன் தெருவுக்குப் பின்னே நடப்பவன் மட்டும் அல்லன். சிலபோது முன்னேயும் நடப்பவன்.

இரண்டாம் மறுப்பு: தொல்காப்பியரே வடசொல்லை ஏற்றாரன்றோ? ஏற்றார், எப்படி ஏற்றார் என்பதைச் சொல்லாமல் விடுவது அரைப்படிப்பு. இயற்சொல், திரிசொல், திசைச்சொல் என்று மூன்றையும் சொல்லிக் கடைசியாகவே வடசொல்லைச் சொன்னார். அதையும், அதன் எழுத்தைக் களைந்து தமிழ் எழுத்தொடு பொருந்தினால் மட்டுமே என்று வரையறுத்தார். அது வாயிலும் தாழும் உடைய வீட்டுக்கு விருந்தினனை அழைப்பது. இன்று நடப்பதோ வீட்டையே விருந்தினனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் படுப்பது. தமிழில் சொல் இல்லாதபோது அயற்சொல்லைத் தமிழ் ஒலியில் ஏற்பது ஒன்று. நிலவு இருக்க, மழை இருக்க, தனிமை இருக்க, அவற்றைத் தள்ளிவிட்டு அயற்சொல்லை அழைப்பது மற்றொன்று. முன்னது தேவை, பின்னது அடிமைப் புத்தி.

மூன்றாம் மறுப்பு கூர்மையானது. அதனை எள்ளி நகையாடலாகாது. தூயதமிழ் என்பது புலவர் மொழி. ஒடுக்கப்பட்டவன் குரலை அது நெரிக்கும் என்பர். வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் உண்மை நேர்மாறானது. மணிப்பவழ நடை என்னும் கலப்பு நடையை உருவாக்கியவர் ஏர் உழுதவரோ தறி நெய்தவரோ அல்லர். கோயிலும் மடமும் கல்வியும் தம் கைப்பிடியில் வைத்திருந்தவர். பொதுமக்கள் அறியாத சொல்லைப் பேசுவதே உயர்வு என்று வைத்து, அவ்வுயர்வைக் கொண்டே பிறரைத் தாழ்த்தினர். அன்று வடமொழி செய்ததை இன்று ஆங்கிலம் செய்கிறது. நேர்காணலில் ஆங்கிலம் வாராமல் நாக்குழறி வெளியே அனுப்பப்பட்டவன் எந்தக் குடியிற் பிறந்தவன் என்பதை ஓமலூர்ப் பாவலர்க்கு எவரும் சொல்லத் தேவையில்லை. அவனை வெளியே நிறுத்திய அதே மொழியைப் பாட்டில் அணிகலனாகப் பூணுவது அவனுக்கு விடுதலை தருமா?

ஆயினும் இம்மறுப்பில் ஒரு பாடம் உண்டு. அதனைத் தனித்தமிழ் அன்பர் காதில் வாங்க வேண்டும். தூய சொல்லில் எழுதிவிட்டதனாலேயே பாட்டு சிறந்துவிடாது. திங்கள்தோறும் தலைவரை வாழ்த்தியும், மொழியைத் தாயென்று விளித்தும், அதே நான்கு உவமைகளை வைத்து எண்சீர் எழுதுவோரும் உளர். தமிழ் வாழ்க என்று நூறு முறை எழுதியவர், தமிழ் பேசுகின்றவன் எப்படி வாழ்கின்றான் என்று ஒரு முறையும் எழுதாவிடில், அவர் பாட்டும் வெற்றோசையே. தூய்மை பாத்திரம், பாட்டு அதில் ஊற்றும் பால். பாத்திரம் துலக்கப்பெற்று வெறுமையாய் இருப்பதும், பால் நிறைந்தும் பாத்திரம் அழுக்காய் இருப்பதும் ஆகிய இரண்டும் பசியாற்றா.

சொற்கலப்பினும் ஆழமான கலப்பு ஒன்று இன்று நேர்ந்துள்ளது. அதனைச் சுட்டாமல் விடலாகாது. அது நிலக்கலப்பு. தமிழ்ப் பாட்டின் அடித்தளம் நிலமும் பொழுதும். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பெரும்பொழுதுகள். மண்ணும் மரமும் புள்ளும் தொழிலும் சேர்ந்த ஐந்திணை. ஓமலூர்ப் பாவலர் வீட்டு வாயிலில் நின்றால் சேர்வராயன் மலை தெரிகிறது. மலையிலிருந்து இறங்கும் சரபங்கா ஆறு ஊர்வழி ஓடுகிறது. பல திங்கள் ஓடாமலும் கிடக்கிறது. மேட்டூர் அணை 1934 முதல் அருகிலேயே நிற்க, அதன் பக்கத்து ஏரிகள் வறண்டு கிடந்த கொடுமை இவ்வட்டத்துக்குத் தெரியும். அணையின் மிகைநீரைச் சரபங்கா வடிநிலத்து 100 ஏரிகளுக்குக் கொண்டுசெல்லும் திட்டம் 2020இல்தான் அடிக்கல் கண்டது. இவ்வளவு பெரிய நீர்க்கதை, வறட்சிக்கதை வாயிலில் கிடக்க, பாட்டில் பெய்வதோ மேனாட்டு வெண்பனி. உதிர்வதோ அந்நாட்டு மரத்தின் இலை. இசைப்பதோ அந்நாட்டு நரம்புக்கருவி. மொழிபெயர்ப்பில் படித்த நாட்டைத் தம் நாடென எழுதுகின்றனர்.

தொடரமைப்பும் அவ்வாறே கெட்டுள்ளது. தேவையில்லாத இடமெல்லாம் 'ஒரு' என்று தொடங்குவது. எழுவாய்க்கும் வினைக்கும் இடையே அயல்மொழி வரிசையைத் திணிப்பது. வினையெச்சம் ஒன்றால் முடிய வேண்டியதை மூன்று சொற்றொடராக உடைப்பது. இத்தகைய பாட்டில் எல்லாச் சொல்லும் தமிழாகவே இருந்தாலும் பாட்டு தமிழன்று. நாளை ஆங்கிலத்தில் பெயர்க்க வேண்டும், அயல்நாட்டு மேடையில் படிக்க வேண்டும் என்னும் விருப்பத்தால், பெயர்க்கும் முன்னரே பெயர்ந்துவிட்ட பாட்டு அது. அயலார் தமிழ்ப் பாட்டைத் தேடி வருவது தமிழில் மட்டுமே கிடைப்பதைப் பெறுவதற்காக. தம் வீட்டுச் சரக்கைத் தேய்ந்த படியாய்த் திரும்பப் பெறுவதற்காக அன்று. குறுந்தொகையை உலகம் இன்று படிப்பது அது செம்புலத்தைப் பாடியதால்.

எனவே தொகுப்பாசிரியர் ஆக விரும்பும் இளம் பாவலர்முன் ஐந்து நெறிகள் வைக்கத்தக்கன.

முதலாவது, பாவலரிடம் காசு பெறாதே. தொகுப்பிக்கப் பொருள் வேண்டுமெனில் ஊரிடம் கேள். வாங்குவோரிடம் முன்பணம் கேள். இயலாவிடின் பக்கத்தைக் குறை. 300 பக்கக் குப்பையினும் 30 பக்கத் தொகை மேல்.

இரண்டாவது, தேர்வுக்கு ஏது சொல். எதைக் கொண்டாய், எதைத் தள்ளினாய், ஏன் என்று முன்னுரையில் எழுது. ஏது சொல்ல இயலாத தேர்வு தேர்வன்று; நட்பு.

மூன்றாவது, வகைப்படுத்து. நிலத்தால் வகுக்கலாம், தொழிலால் வகுக்கலாம், வடிவால் வகுக்கலாம். தொகை என்பது வகை இல்லாமல் இல்லை.

நான்காவது, மொழியைக் காவல் செய். பாவலர் பாட்டில் நீயே கைவைத்துத் திருத்தாதே, அது திருட்டு. அயற்சொல் கண்டவிடத்து அவருக்கு எழுது; தமிழ்ச்சொல்லைக் காட்டு; அவர் உடன்பட்டால் மாற்றட்டும்; உடன்படாவிடின் பாட்டைத் திருப்பி அனுப்பு.

ஐந்தாவது, எழுதத் தெரியாதவனின் பாட்டையும் தேடு. நடவுப்பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி, தறிப்பாட்டு ஆகியவற்றை முதியோர் வாயிலிருந்து எழுதி எடு. பாடியவர் பெயரையும் ஊரையும் மறவாமல் எழுது. பெயர் தெரியாவிடின் முன்னோர் செய்தது போலப் பாட்டிலிருந்தே பெயர் எடு.

இந்நெறிகள் இளம் பாவலர்க்கு மட்டும் சொன்னவை அல்ல. தமிழன்பர்க்கும் பணி உண்டு. ஓமலூரிலோ மேட்டூரிலோ பாட்டுத் தொகுப்பு ஒன்று வெளிவந்தால், விழாவுக்குப் போய்க் கைதட்டிவிட்டு வந்து விடாதீர். நூலைக் காசு கொடுத்து வாங்குக. எழுதுகோலை எடுத்து அயற்சொல் ஒவ்வொன்றின் கீழும் கோடிடுக. பக்கத்தில் தமிழ்ச்சொல்லை எழுதுக. நல்ல பாட்டு கண்டவிடத்து அதனையும் குறித்து வைக்க. பின்னர் அப்படியைத் தொகுப்பாசிரியர்க்கே அனுப்புக. இகழ்ச்சி வேண்டா, வசை வேண்டா, சான்று போதும். நல்ல நெஞ்சுடைய இளைஞர் ஒருவர் அதனைக் கண்டு இரண்டாம் பதிப்பில் திருந்துவர். திருந்தாதவர் தம்மைப் படிப்பவர் விழித்திருக்கின்றனர் என்பதையேனும் அறிவர்.

இவ்வளவும் செய்தும் கேளாதார்க்கு மறுமொழி வசையன்று, மாற்றுத் தொகுப்பு. தறிக்குழியிலிருந்தும் காட்டுவெளியிலிருந்தும் மகளிர் வாயிலிருந்தும் எடுத்த, காசு வாங்காத, வகை பிரித்த, தூய தமிழில் அமைந்த ஐம்பது பாட்டுகளின் தொகை ஒன்று ஓமலூர் மண்ணிலிருந்து வெளிவரட்டும். பூரிக்கோ செய்ததும் அதுவே. கூடலூர் கிழார் செய்ததும் அதுவே. அவர்கள் காலத்தில் ஓலை கிடைத்தற்கரிது. இன்று தாள் மலிவு. அவர்களிடம் இருந்து இன்றில்லாமற் போனது நிறைகோல் ஒன்றுதான். அதனைக் கையில் எடுப்பவர் எவரோ, அவரே இம்மண்ணின் தொகுப்பாசிரியர்.